தில்லிக்குப் புரியாத சிரிப்பு

ஒரு சுத்தியல், ஒரு பெயின்டிங் கான்ட்ராக்டர், ஒரு பதவியேற்பு விழா. தமிழ் மீம்கள் தலைநகரின் மொழிபெயர்ப்புக்காகக் காத்திருப்பதில்லை. ஆனால் அவற்றை அணைக்கும் ஸ்விட்ச் தலைநகரில்தான் இருக்கிறது.

புது தில்லியின் மந்திர் மார்க் சாலைக்கு வெள்ளைக்காரர்கள் காலத்தில் ரீடிங் ரோடு என்று பெயர். 1939-ல் காந்தி திறந்துவைத்த லட்சுமி நாராயணர் கோயில் - ஊர் வழக்கில் பிர்லா மந்திர் - இங்குதான் இருக்கிறது. வங்காளிகளின் காளி பாரியும் இதே சாலையில். இவற்றோடு தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளியும். மத்திய அரசு அலுவலகங்களில் குமாஸ்தாக்களாகவும் ஸ்டெனோக்களாகவும் வேலைக்கு வந்த தென்னிந்தியர்களின் பிள்ளைகளுக்காக 1920-களில் தொடங்கப்பட்ட 'மதராஸி' கல்விச் சங்கம்தான், இன்று தலைநகரில் ஏழு பள்ளிகளை நடத்தும் கழகமாக வளர்ந்திருக்கிறது. ராஷ்டிரபதி பவன் இங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவில்.

அந்தச் சில கிலோமீட்டர் எவ்வளவு பெரிய தூரம் என்பது 2019 மே 30 அன்று மாலை தெரிந்தது. ராஷ்டிரபதி பவனின் முன்முற்றத்தில் சுமார் 8,000 விருந்தினர்கள். அண்டை நாடுகளின் தலைவர்கள். நரேந்திர மோடி இரண்டாவது முறையாகப் பிரதமர் பதவி ஏற்கிறார். தேசம் முழுவதும் அதைப் பற்றித்தான் பேசும் என்று எதிர்பார்த்த செய்திச் சேனல்களுக்கு ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. முந்தைய நாளிலிருந்தே ட்விட்டரில் முன்னணியில் இருந்தவர் வேறு ஒருவர். அவர் தலையில் சுத்தியல் விழுந்துவிட்டதாம். உயிர் பிழைக்கப் பிரார்த்தனை செய்யும்படி லட்சக்கணக்கானவர்கள் உலகத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் பெயர் நேசமணி. அவசரத்தில் அந்தப் பெயரின் ஆங்கில எழுத்துகளில் ஒன்று கூடிப்போயிருந்தது. அந்தப் பிழையோடுதான் அது உலகம் சுற்றியது.

'யார் இந்த நேசமணி?' ஆங்கில நாளிதழ்களின் இணையப் பக்கங்களும் ஹிந்திச் சேனல்களும் அவசர அவசரமாக விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. சொல்லப்பட்ட விளக்கம் எளிமையானது: அப்படி ஒருவர் இல்லவே இல்லை.

சுத்தியலின் பயணம்

2001 பொங்கலுக்கு வெளியான படம் 'ஃப்ரெண்ட்ஸ்'. சித்திக் தன்னுடைய மலையாளப் படத்தைத் தானே தமிழில் எடுத்தார். விஜய், சூர்யா, ரமேஷ் கண்ணா ஆகியோர் ஒரு பழைய ஜமீன் பங்களாவுக்கு வண்ணம் பூச வருகிறார்கள். அவர்களை வேலை வாங்கிச் சீரழியும் பெயின்டிங் கான்ட்ராக்டர்தான் நேசமணி, நடித்தவர் வடிவேலு. அவருடைய அண்ணன் மகன் கிருஷ்ணமூர்த்தியாக வரும் ரமேஷ் கண்ணாவின் கையிலிருந்து நழுவும் சுத்தியல் நேராக நேசமணியின் தலையில் விழுகிறது. தியேட்டரில் சிரித்து, தொலைக்காட்சியில் பலமுறை பார்த்து, வசனம் வசனமாகத் தமிழர்கள் மனப்பாடம் செய்துவிட்ட காட்சி அது.

பதினெட்டு வருடங்கள் கழித்து, பாகிஸ்தானைச் சேர்ந்த சிவில் எஞ்ஜினீயரிங் மாணவர்களுக்கான ஒரு ஃபேஸ்புக் பக்கத்தில் ஒரு சுத்தியலின் படம் வெளியானது. உங்கள் நாட்டில் இந்தக் கருவிக்கு என்ன பெயர் என்பது கேள்வி. தமிழ்நாட்டைச் சேர்ந்த ஒரு பொறியாளர் பொறுப்பாகப் பதில் எழுதினார். பெயர் சுத்தியல், ஜமீன் பங்களாவில் இதனால்தான் பெயின்டிங் கான்ட்ராக்டர் நேசமணியின் தலை உடைந்தது, உடைத்தது அவருடைய அண்ணன் மகன். முகத்தில் சிரிப்பே இல்லாமல் எழுதப்பட்ட குறிப்பு. அதைப் பார்த்த இன்னொருவர் அதே முகத்தோடு நலம் விசாரித்தார். அதற்குப் பிறகு யாரும் தடுத்திருக்க முடியாது.

மருத்துவமனை அறிக்கைகளின் பாணியில் நேசமணியின் உடல்நிலை குறித்த தகவல்கள் வந்தன. 'பிரேக்கிங் நியூஸ்' அட்டைகள் தயாரிக்கப்பட்டன. தலைமறைவான கிருஷ்ணமூர்த்தியைக் கைது செய்யக் கோரிக்கைகள் எழுந்தன. படுக்கையில் கட்டுப்போட்ட தலையோடு நேசமணியை வரைந்தார்கள். சினிமா ரசிகர்கள் தங்களுக்குப் பிடித்த பாத்திரங்களை வரையும் ஓவியங்கள் உலகெங்கும் உண்டு. மற்ற நாடுகளில் சாகச வீரர்களை வரைகிறார்கள். தமிழர்கள் வரைந்தது அடிபட்ட ஒரு கான்ட்ராக்டரை.

இதற்கு அரசியல் உள்நோக்கம் உண்டா? உண்டு என்று சிலர் வாசித்தார்கள். 2018 ஏப்ரலில் ராணுவத் தளவாடக் கண்காட்சிக்காகப் பிரதமர் சென்னை வந்தபோது, திரும்பிப் போகச் சொல்லும் முழக்கம் ட்விட்டரில் உலக அளவில் பரவியிருந்தது. பதவியேற்பு விழாவை மறைக்கவே நேசமணி எழுப்பப்பட்டார் என்பது அவர்கள் வாதம். வேலையற்றவர்களின் விளையாட்டு என்று முகம் சுளித்தவர்களும் உண்டு. இரண்டையும் நிரூபிக்க முடியாது. ஆனால் ஒன்று நிச்சயம். இந்தச் சிரிப்பில் கலந்துகொள்ள யாரும் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. யாருக்காகவும் மொழிபெயர்க்கவும் இல்லை.

நம்மைப் பற்றிய ஜோக், நம்முடைய ஜோக்

இது சாதாரண விஷயம் அல்ல. வடக்கில் வாழும் தமிழனுக்கு நகைச்சுவை வெகுகாலம் வேறு திசையிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. 1968-ல் வெளியான 'படோசன்' ஹிந்திப் படத்தில் தென்னிந்தியப் பாட்டு வாத்தியாராக மெஹ்மூத் வந்தார்: குடுமி, நெற்றிப் பட்டை, உடைந்த ஹிந்தி. மந்திர் மார்க் பள்ளியை நடத்திய சங்கத்தின் பெயரிலேயே ஒட்டியிருந்த 'மதராஸி' என்ற சொல்லுக்கு வட இந்தியா வைத்திருந்த படம் அதுதான். விந்தியத்துக்குத் தெற்கே இருப்பவர்கள் எல்லாம் ஒரே ஆள். அந்த ஆள் வேடிக்கையானவர்.

இன்டர்நெட் வந்த பிறகும் முதலில் இந்தத் திசை மாறவில்லை. 2005 வாக்கில் அமெரிக்காவில் நடிகர் சக் நாரிஸின் அசாத்திய பலம் பற்றிய ஒருவரி ஜோக்குகள் பரவின. அதே அச்சில் ரஜினிகாந்தை வார்த்து இந்தியா எடுத்துக்கொண்டது. 2010-ல் 'எந்திரன்' வெளியானதையொட்டி இ-மெயிலிலும் எஸ்.எம்.எஸ்.ஸிலும் ரஜினி ஜோக்குகள் கொட்டின. 2012-ல் ஓர் இணையதளம் இன்டர்நெட் இணைப்பைத் துண்டித்தால்தான் திறக்கும்படி வடிவமைக்கப்பட்டிருந்தது. ரஜினியின் சக்தியில் ஓடுகிறதாம். பாராட்டும் கேலியும் கலந்த இந்த ஜோக்குகளைத் தமிழர்களும் ரசித்தார்கள், பகிர்ந்தார்கள். ஆனால் அவை பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருந்தன. ரஜினி படம் ஒன்றைக்கூடப் பார்த்திராதவருக்கும் அவை புரிந்தன. காரணம், அவற்றுக்கு ரஜினியே தேவையில்லை; தெற்கில் எல்லாமே மிகை என்ற எண்ணம் போதும்.

நேசமணி ஜோக்குக்கு நேசமணி தேவை. படத்தைப் பார்த்திருக்க வேண்டும். காட்சி நினைவிருக்க வேண்டும். அண்ணன் மகன் கிருஷ்ணமூர்த்தியின் அசட்டு முகம் கண்ணில் வர வேண்டும். 'சுத்தியல்' என்ற சொல்லை ஹிந்தியில் 'ஹதோடா' என்று மாற்றிவிடலாம். அந்தச் சொல்லுக்குப் பின்னால் இருக்கும் பதினெட்டு வருட ஞாபகத்தை எந்த மொழிபெயர்ப்பாளரும் மாற்றித்தர முடியாது.

வரையத் தெரியாதவர்களின் கலை

'மீம்' என்ற சொல்லை உருவாக்கியவர் பிரிட்டிஷ் உயிரியலாளர் ரிச்சர்ட் டாகின்ஸ். 1976-ல் வெளியான நூலில், மரபணுக்கள் உடலிலிருந்து உடலுக்குத் தாவுவதுபோல மனத்திலிருந்து மனத்துக்குத் தாவும் பண்பாட்டுத் துணுக்குகளுக்கு அந்தப் பெயரை வைத்தார். இன்டர்நெட் அந்தப் பெயரை எடுத்து, மேலே இரண்டு வார்த்தை கீழே இரண்டு வார்த்தை எழுதிய படங்களுக்கு மாட்டிவிட்டது.

இணையத்து நகைச்சுவையின் ரகசியம் ஓவியத் திறமை அல்ல. அமெரிக்க விண்வெளி அமைப்பான நாஸாவில் வேலை பார்த்த ராண்டல் மன்றோ 2005-ல் தொடங்கிய 'எக்ஸ்கேசிடி' என்ற சித்திரத் தொடரில் மனிதர்கள் வெறும் குச்சி உருவங்கள். உலகம் முழுவதும் விஞ்ஞான மாணவர்கள் அதைப் படித்துச் சிரிக்கிறார்கள். இந்தியாவில் ரசிதா தனேஜா 2014-ல் தொடங்கிய 'சானிட்டரி பேனல்ஸ்' அரசியல் கேலிச்சித்திரங்களிலும் குச்சி மனிதர்கள்தான். அதே வருடம் தொடங்கிய ஆர்த்தி பார்த்தசாரதியின் 'ராயல் எக்ஸிஸ்டென்ஷியல்ஸ்' தொடருக்குப் பழைய சிற்றோவியங்களே போதுமானதாக இருந்தன. ராஜாக்களும் ராணிகளும் இன்றைய கவலைகளைப் பேசினார்கள். படம் இரவல், பேச்சு புதிது.

தமிழ் மீம் இதே வழியில் வந்ததுதான். அதன் இரவல் ஓவியம் சினிமா. 'கரகாட்டக்காரன்' (1989) வாழைப்பழக் காட்சியில் கவுண்டமணியும் செந்திலும். 'வின்னர்' (2003) கைப்புள்ள. 'தலைநகரம்' (2006) நாய் சேகர். 'எல்லாம் அவன் செயல்' (2008) வண்டு முருகன். இவை வெறும் பாத்திரங்கள் அல்ல, ஏறக்குறைய எழுத்துகள். அடி வாங்கியும் கெத்து குறையாதவன், தெரியாததைத் தெரிந்ததுபோல் பேசுபவன், ஜெயித்ததாக நினைத்துத் தோற்றவன் என்று ஒவ்வொரு மனநிலைக்கும் வடிவேலுவிடம் ஒரு முகம் இருக்கிறது. பெட்ரோல் விலை ஏறினாலும், கிரிக்கெட்டில் தோற்றாலும், மந்திரி கட்சி மாறினாலும் அந்த எழுத்துகளைக் கோத்தால் வாக்கியம் தயார். 2017 ஜனவரியில் மெரினாவில் ஜல்லிக்கட்டுக்காகக் கூடிய இளைஞர்கள் தங்கள் கோபத்தை உரைகளால் மட்டும் சொல்லவில்லை. இந்த எழுத்துகளாலும் சொன்னார்கள்.

மந்திர் மார்க் பள்ளி போன்ற இடங்களில் படிக்கும் பிள்ளைகளுக்கு இதில் ஒரு தனிப்பயன் உண்டு. வகுப்பறை அவர்களுக்கு எழுத்துத் தமிழைக் கற்றுக்கொடுக்கிறது. வீட்டில் கேட்பது அப்பா அம்மாவின் ஊர்த் தமிழ், அதுவும் ஹிந்தி கலந்து. மதுரைக்காரரான வடிவேலுவின் பேச்சு, தெருவில் புழங்கும் தமிழின் வளைவுநெளிவுகளை அவர்கள் கைபேசிக்குக் கொண்டுவந்துவிடுகிறது. பாடநூல் அங்கீகரிக்காத பாடம். ஆனால் ஒரு ஜோக்குக்குச் சரியான நேரத்தில் சிரிக்கத் தெரிந்தவன் அந்த மொழிக்கு அந்நியன் அல்ல.

இந்த வரலாற்றில் அச்சுப் பத்திரிகைக்கும் பங்குண்டு. 2006-ல் வடிவேலு கதாநாயகனாக நடித்த 'இம்சை அரசன் 23-ஆம் புலிகேசி' படத்தை இயக்கிய சிம்புதேவன், ஆனந்த விகடனில் கார்ட்டூன் வரைந்தவர். படமே ஒரு நீண்ட கார்ட்டூன்தான். முறுக்கிய மீசையோடு வெட்டித் தர்பார் நடத்தும் புலிகேசியின் முகத்தை அதற்குப் பிறகு எல்லாக் கட்சி ஆட்சியாளர்களின் மேலும் தமிழ்நாடு ஒட்டிப் பார்த்துவிட்டது.

இருவகை அங்கதம்

தமிழில் கேலிக்கு இலக்கணம் எழுதிய முதல் நூல் ட்விட்டருக்கு மிகவும் மூத்தது. தொல்காப்பியம் அங்கதத்தை இரண்டாகப் பிரிக்கிறது. வெளிப்படையாகப் பழிப்பது செம்பொருள். மறைத்துப் பழிப்பது பழிகரப்பு. முன்னதற்குத் துணிச்சல் வேண்டும். பின்னதற்குக் கேட்பவருக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

நேசமணி, அரசியல் என்று வைத்துக்கொண்டால், பழிகரப்பு. பிரதமரின் பெயரே அதில் இல்லை. எந்தச் சட்டப்பிரிவின் கீழ் வழக்குப் போடுவது? சுத்தியலின் மீதா?

செம்பொருள் வகைக்கு என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டின் மிகப் பிரபலமான உதாரணம் இன்டர்நெட்டுக்கு முந்தியது. 1987-ல் எம்.எல்.ஏ.க்களையும் மந்திரிகளையும் கேலி செய்த அட்டைப்பட ஜோக்குக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்குச் சட்டசபை மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களில் விடுவித்தார்கள். அவர் அதோடு விடவில்லை. வழக்குத் தொடுத்து வென்று, 1,000 ரூபாய் இழப்பீடும் பெற்றார். தொகை சின்னது, ஒரு ஜோக்குக்காகச் சிறை வைத்தது தவறு என்பதற்கு அதுவே ரசீது.

அதே நிறுவனம் நூற்றாண்டை நெருங்கிய நேரத்தில் கதை வேறு வடிவில் திரும்பியது. 2025 பிப்ரவரியில் அமெரிக்கா, சட்டவிரோதமாகக் குடியேறியதாகச் சொல்லி இந்தியர்களை விலங்கிட்டு ராணுவ விமானத்தில் திருப்பி அனுப்பியது. அது பற்றிப் பிரதமர் காத்த மௌனத்தை, இணையத்தில் மட்டும் வெளியாகும் 'விகடன் ப்ளஸ்' இதழின் அட்டைச் சித்திரம் கேலி செய்தது: டிரம்ப்புக்குப் பக்கத்தில் கைகால்களில் விலங்குடன் மோடி. தமிழக பா.ஜ.க. தலைவராக இருந்த அண்ணாமலை புகார் செய்தார். பிப்ரவரி 15 இரவிலிருந்து பல வாசகர்களுக்கு விகடன் இணையதளம் திறக்கவில்லை. சித்திரம் மட்டுமல்ல, சமையல் குறிப்பு, சிறுகதை, சினிமா விமர்சனம், பழைய இதழ்கள் எல்லாமே சேர்ந்து மறைந்தன.

விகடன் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. மார்ச் 6 அன்று நீதிபதி டி. பரத சக்கரவர்த்தி, சர்ச்சைக்குரிய பக்கத்தைத் தற்காலிகமாக நீக்கும்படியும், அதன் பிறகு தளத்தின் மீதான தடையை விலக்கும்படியும் இடைக்கால உத்தரவிட்டார். 1987-ல் ஜோக் கடைகளில் இருந்தது, ஆசிரியர் சிறையில் இருந்தார். 2025-ல் ஆசிரியர் வெளியில் இருந்தார், பத்திரிகை காணாமல் போனது. எது மேல் என்று வாசகர்கள்தான் சொல்ல வேண்டும். ஆசிரியரைச் சிறைக்கு அனுப்பச் சட்டசபை பகிரங்கமாகக் கூடித் தீர்மானம் போட வேண்டியிருந்தது. இணையதளத்தை மூட ஓர் இரவு போதும்.

ஸ்விட்ச் யார் கையில்?

தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ன் 69ஏ பிரிவுதான் அந்த ஸ்விட்ச். தேசப் பாதுகாப்பு, பொது ஒழுங்கு, அயல்நாட்டு உறவு போன்ற காரணங்களைக் காட்டி எதையும் தடுக்கும் அதிகாரத்தை அது மத்திய அரசுக்குத் தருகிறது. 2009-ல் வகுக்கப்பட்ட விதிகளின்படி ஓர் அதிகாரிகள் குழு கூடிப் பரிந்துரை செய்கிறது. புகாரும் நடவடிக்கையும் ரகசியமாக வைக்கப்பட வேண்டும் என்று அதே விதிகள் சொல்கின்றன. இச்சட்டத்தின் 66ஏ பிரிவை வைத்து ஃபேஸ்புக் பதிவுக்கும் கார்ட்டூனுக்கும் ஆட்களைக் கைது செய்துகொண்டிருந்தார்கள். 2012-ல் மேற்கு வங்கத்தில் முதல்வர் மம்தா பானர்ஜியைப் பற்றிய ஒரு கேலிப்படத்தை மற்றவர்களுக்கு அனுப்பிய ஜாதவ்பூர் பல்கலைக்கழகப் பேராசிரியர் அம்பிகேஷ் மகாபாத்ரா கைதானார். வழக்கிலிருந்து முழுதாக விடுபட அவருக்கு 2023 வரை ஆனது. 66ஏ-வை 2015 மார்ச் 24 அன்று ஸ்ரேயா சிங்கல் வழக்கில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அதே தீர்ப்பு 69ஏ செல்லும் என்றது.

கைது செய்ய வேறு சட்டங்களும் இருந்தன. 2017 அக்டோபரில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பம் திருநெல்வேலி கலெக்டர் அலுவலகத்தில் தீக்குளித்தது. முதல்வரையும் கலெக்டரையும் போலீஸ் கமிஷனரையும் சாடி கார்ட்டூனிஸ்ட் பாலா வரைந்த படம் ஃபேஸ்புக்கில் பரவியது. நவம்பர் 5 அன்று திருநெல்வேலி போலீஸார் சென்னைக்கு வந்து அவரைக் கைது செய்தார்கள். மறுநாள் ஜாமீன். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வழக்கை ரத்து செய்தபோது 2021 ஆகியிருந்தது. சானிட்டரி பேனல்ஸின் குச்சி மனிதர்களும் தப்பவில்லை. உச்ச நீதிமன்றத்தைப் பற்றிய சித்திரங்களுக்காக 2020 டிசம்பரில் ரசிதா தனேஜா மீது நீதிமன்ற அவமதிப்பு நடவடிக்கைக்கு அட்டர்னி ஜெனரல் ஒப்புதல் தந்தார். நீதிமன்றம் நோட்டீஸ் அனுப்பியது. துணிச்சலான கார்ட்டூனிஸ்ட்டுகளுக்கான கோஃபி அன்னான் விருது 2024-ல் அவருக்குக் கிடைத்தது, ஹாங்காங்கின் ஸுன்ஸியுடன் சேர்ந்து.

மதுரைக் கிளையிலிருந்தே வந்த இன்னொரு தீர்ப்பு இந்த வரிசையில் தனியாக நிற்கிறது. இடதுசாரிக் கட்சி ஒன்றின் பிரமுகர் 2021-ல் குடும்பத்தோடு திண்டுக்கல் அருகே சிறுமலைக்குப் போனார். சுற்றுலாப் படங்களை ஃபேஸ்புக்கில் போட்டு, துப்பாக்கிப் பயிற்சிக்குப் போனதாக வேடிக்கையாக எழுதினார். வாடிப்பட்டி போலீஸார் அரசுக்கு எதிராகப் போர் தொடுக்க ஆயத்தம் செய்ததாக வழக்குப் போட்டார்கள். டிசம்பரில் அதை ரத்து செய்த நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், அரசியல் சட்டத்தின் அடிப்படைக் கடமைகளில் சிரிக்கும் கடமையையும் சேர்க்கலாம் என்ற எண்ணத்தைத் தீர்ப்பில் விளையாட்டாக முன்வைத்தார். வேடிக்கையாக இருக்கும் உரிமையைப் பேச்சுச் சுதந்திரத்திலேயே கண்டெடுக்கலாம் என்றும் எழுதினார். தீர்ப்பே சிரிக்கச் சிரிக்கப் படிக்கும்படி இருந்தது. ஆனால் ஒரு ஜோக் ஜோக்தான் என்று சொல்ல உயர் நீதிமன்றம் வேண்டியிருந்தது என்பதில் சிரிக்க ஒன்றும் இல்லை.

யாருடைய முகம்?

கேலிக்கு இன்னொரு எதிரி அரசு அல்ல, சொத்துரிமை. ஒரு வடிவேலு மீமில் முகம் வடிவேலுவுடையது, காட்சி தயாரிப்பாளருடையது, வசனம் வேறொருவருடையது, ஜோக் மட்டுமே அதைச் செய்தவருடையது. 1957 காப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவு விமர்சனத்துக்கு விலக்கு அளிக்கிறது. பகடி என்ற சொல் அதில் தனியாக இல்லை. தோப்பில் பாஸியின் புகழ்பெற்ற மலையாள நாடகத்துக்கு எதிர்நாடகம் எழுதிய சிவிக் சந்திரனின் வழக்கில், விமர்சிக்க எடுத்தாள்வது திருட்டு ஆகாது என்ற திசையில் 1996-ல் கேரள உயர் நீதிமன்றம் வழிகாட்டியது.

நடிகர்களின் முகத்துக்கும் குரலுக்கும் பாதுகாப்புக் கேட்டு வரும் வழக்குகள் அதிகமும் போய்ச் சேரும் இடம் தில்லி உயர் நீதிமன்றம். பாடகர் தலேர் மெஹந்தியைப் போன்ற பொம்மைகளை விற்றதற்குத் தடை விதித்த 2010-ஆம் ஆண்டுத் தீர்ப்பிலேயே, கேலியும் நையாண்டியும் இந்தத் தடைக்குள் வராது என்று நீதிமன்றம் கோடு கிழித்தது. 2023-ல் அனில் கபூரின் முகத்தோடு அவருடைய 'ஜகாஸ்' என்ற சொல்லுக்கும் பாதுகாப்புக் கிடைத்தது. 2024-ல் ஜாக்கி ஷெராஃப் வழக்கில் வணிகச் சுரண்டலுக்குத் தடை கிடைத்தாலும், அவரை வைத்துச் செய்த ஒரு வேடிக்கை வீடியோவை உடனடியாக நீக்க நீதிபதி சம்மதிக்கவில்லை. விற்பவன் வேறு, சிரிப்பவன் வேறு என்ற வேறுபாடு இதுவரை காப்பாற்றப்பட்டிருக்கிறது.

வடிவேலுவின் சொந்தக் கதையே இதற்கு விசித்திரமான உதாரணம். புலிகேசியின் இரண்டாம் பாகம் தொடர்பான தகராறில் தயாரிப்பாளர்கள் அவரை ஒதுக்கிவைத்தார்கள். 2017 'மெர்சல்' படத்துக்குப் பிறகு 2022 டிசம்பர் வரை அவர் நடித்த புதுப்படம் எதுவும் திரைக்கு வரவில்லை. தமிழர்களின் கைபேசிகளில் அவர் முகம் மிக அதிகமாகத் தென்பட்ட வருடங்கள் அவைதான். அதில் அவருக்குச் சல்லிக்காசு வந்ததில்லை. திரும்பி வந்தபோது வைக்க விரும்பிய தலைப்பு 'நாய் சேகர்'. அவர் பிரபலப்படுத்திய பெயர் என்றாலும், சதீஷ் நடித்த வேறொரு படம் அதை முன்பே எடுத்திருந்தது. 'நாய் சேகர் ரிட்டர்ன்ஸ்' என்று மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று. 2023-ல் 'மாமன்னன்' வந்தபோது, சிரிக்கவைத்தே பழகிய அந்த முகம் சிரிக்காமல் இருந்ததே செய்தியானது.

இப்போது வரைபவர்களுக்கும் போட்டி வந்திருக்கிறது. 'பொன்னியின் செல்வன்' 1950-களில் கல்கியில் தொடராக வந்தபோது வந்தியத்தேவனுக்கு முகம் தந்தவர் ஓவியர் மணியம். அந்த முகத்தை அடியொற்றியும் மாற்றியும் ரசிகர்கள் இணையத்தில் வரைந்து தள்ளியிருக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கையின் உழைப்பு உண்டு. 2025 மார்ச்சில் ஒரு செயற்கை நுண்ணறிவுக் கருவி, எந்தப் படத்தையும் ஜப்பானின் கிப்லி ஸ்டூடியோ பாணிக்கு நொடிகளில் மாற்றிக் கொடுத்தது. தமிழ் சினிமாக் காட்சிகள் பலவும் அந்த அச்சில் வந்து விழுந்தன. நன்றாகவே இருந்தன, எல்லாம் ஒரே மாதிரியும் இருந்தன.

புரிந்துவிட்டால்?

இந்த வழக்குகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. அதிகாரத்திடம் மாட்டிக்கொண்டவை பெரும்பாலும் எளிதில் புரிந்தவை. டிரம்ப்புக்கு அருகில் விலங்கிட்ட மோடியின் படத்துக்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை. தில்லியில் எந்த அதிகாரிக்கும் பார்த்த மாத்திரத்தில் விளங்கும். நேசமணியின் தலையில் விழுந்த சுத்தியல் தலைநகரின் தலைக்கு மேலே பறந்து போய்விட்டது. வரைந்து கையெழுத்துப் போடும் கார்ட்டூனிஸ்ட்டுக்கு முகவரி இருக்கிறது. போலீஸ் வந்து கதவைத் தட்டலாம். மீம் செய்தவர் கூட்டத்தில் ஒருவர். தமிழ் மீம்களுக்கு இதுவரை இரண்டு கவசங்கள்: பெயரில்லாமை, புரியாமை.

இரண்டுமே தேய்ந்துகொண்டிருக்கின்றன. கைபேசியே தமிழை ஹிந்திக்கும் ஆங்கிலத்துக்கும் மாற்றித்தருகிறது. இன்ன காட்சி, இன்ன படம் என்று விளக்கவும் இயந்திரங்கள் தயார். பதிவுகளை நீக்கச் சொல்லும் உத்தரவுகளை நிறுவனங்களுக்கு விரைவாக அனுப்ப உள்துறை அமைச்சகம் 2024-ல் 'சஹ்யோக்' என்ற வாசலைத் திறந்தது. அதை எதிர்த்த எக்ஸ் நிறுவனத்தின் மனுவைக் கர்நாடக உயர் நீதிமன்றம் 2025 செப்டம்பரில் தள்ளுபடி செய்தது. பழிகரப்பை விளக்கிச் சொல்ல ஓர் இயந்திரமும், நீக்கச் சொல்ல ஓர் இயந்திரமும் அடுத்தடுத்த மேஜைகளில் உட்கார்ந்துவிட்டால், கூட்டத்தில் ஒருவராக ஒளிந்திருப்பது பாதுகாப்பாக இருக்காது.

பொய்ச் செய்தியையும், பெண்களின் படங்களை ஆபாசமாக மாற்றுவதையும், ஜாதி வெறியையும் 'சும்மா ஜோக்' என்று சொல்லித் தப்பிப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களைத் தடுக்கச் சட்டம் வேண்டும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் ஒரு சித்திரத்துக்காக ஒரு பத்திரிகை முழுவதையும் இருட்டாக்கலாம் என்றால், அந்தச் சட்டம் யாருக்காக வேலை செய்கிறது என்று கேட்க வேண்டியிருக்கிறது. தடுக்கும் முன் சம்பந்தப்பட்டவரிடம் கேட்பது, தடுத்ததற்கான காரணத்தை வெளியில் சொல்வது, குறையுள்ள பக்கத்தோடு நிறுத்திக்கொள்வது - இந்த மூன்றும் பெரிய கோரிக்கைகள் அல்ல. இவை கிடைக்காதவரை, மதுரையில் ஒருவர் செய்த கிண்டலின் ஆயுள், அதை ஒருபோதும் கேட்டுச் சிரித்திராத ஓர் அறையில் தீர்மானமாகும்.

விகடன் தளம் முடங்கியிருந்த நாட்களில் அந்த விலங்குச் சித்திரம் கைபேசியிலிருந்து கைபேசிக்குப் போய்க்கொண்டிருந்தது. 'விகடன் ப்ளஸ்' என்று ஓர் இதழ் இருப்பதே தெரியாமல் இருந்தவர்களும் பார்த்தார்கள். பார்த்தவர்களில் பலருக்கு உடனே ஒரு வடிவேலு முகம் நினைவுக்கு வந்திருக்கும். அந்த முகம் எது என்பதைத் தில்லிக்கு யாரும் இன்னும் மொழிபெயர்த்துச் சொல்லவில்லை.